பூட்டிய அலுமாரியும் தொலைக்கல்வி மாணவனும்

அறிவு மக்கள் அனைவர்க்கும் பொதுவுடைமை என்று மேடைதோறும் முழங்குகிறோம். ஆயின் அவ்வறிவு குடிகொண்டிருக்கும் நூல்நிலையத்தின் வாயிலிலே யார் உட்செல்கிறார், யார் அனுமதி அட்டை இன்றித் திரும்புகிறார் என்பதை நின்று பார்ப்பவர் நம்மில் மிகச் சிலரே. பகலிற் கற்பித்து, இரவிற் கற்று, கல்வித்துறையிலே ஆய்வு செய்ய முற்படும் தொலைக்கல்வி மாணவனுக்குப் பல்கலைக்கழக நூல்நிலையத்தில் என்ன உரிமை உண்டு? இக்கேள்வியை வெளிப்படையாக எழுப்ப வேண்டிய காலம் வந்துவிட்டது.

வரலாற்றைச் சற்று நோக்குவோம். 1921 இல் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிய காலத்தில் நமது மாணவர் இலண்டன் சர்வகலாசாலையின் வெளிவாரிப் பரீட்சைக்கே தோற்றினர். கடலுக்கு அப்பாலிருந்து வினாத்தாள் வந்தது, நூல்நிலையம் வரவில்லை. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தது. 1945 இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. 1980 இல் திறந்த பல்கலைக்கழகம் நாவலையிலே நிறுவப்பட்டது. ஒவ்வொரு படியிலும் ஒரு கதவு திறந்தது என்பதை மறுப்பாரில்லை. ஆயினும் இலண்டன் பரீட்சைக் காலத்தின் பழைய நோய் இன்னும் நம்மை விட்டு நீங்கவில்லை. தூரத்திலிருந்து படிப்பவனுக்குப் பாடப்புத்தகத்தையும் வினாத்தாளையும் அனுப்பிவிட்டால் நமது கடமை முடிந்தது என்னும் மனோபாவமே அந்நோய்.

இந்நாட்டிலே பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெறுவோரிற் பெரும்பாலோருக்கு உள்வாரி மாணவராக இடம் கிடைப்பதில்லை. இடம் கிடைத்தவன் கட்டணமின்றிப் படிக்கிறான். நூல்நிலையமும் அவன் விடுதிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இடம் கிடைக்காதவன் திறந்த பல்கலைக்கழகத்துக்கோ வெளிவாரிப் பட்டத்துக்கோ கட்டணம் செலுத்துகிறான். நூல்நிலையமோ அவனுக்குப் பல மணி நேரப் பஸ் பயணம். கண்டி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மாத்தறை முதலிய இடங்களிலே திறந்த பல்கலைக்கழகத்தின் நிலையங்கள் உண்டு. அவை செய்யும் பணியை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தோட்டப் பாடசாலையிலே ஐந்து நாளும் கற்பித்துவிட்டு, சனிக்கிழமை வகுப்புக்கு வந்து, மாலைப் பஸ்ஸைப் பிடிக்க ஓடும் ஓர் ஆசிரியைக்கு நூல்நிலையத்திலே கிடைக்கும் நேரம் எவ்வளவு? பணம் கொடுப்பவனுக்குக் குறைவாகவும், கொடுக்காதவனுக்கு நிறைவாகவும் வழங்கும் இந்த ஏற்பாட்டை இலவசக் கல்வியின் எந்த நியாயத்தைக் கொண்டு நாம் விளக்கப்போகிறோம்? உள்வாரி மாணவனிடமும் கட்டணம் பெறுக என்று இதற்கு யாரும் பொருள் கொள்ளலாகாது. அவன் பெறுவதை மற்றவனும் பெறட்டும் என்பதே நமது வாதம்.

கல்வி ஆய்வு என்பது வெறும் பட்டத்துக்கான சடங்கு என்று எண்ணுவோர் இவ்விஷயத்தை அற்பமாகக் கருதலாம். மலையகப் பிள்ளை ஏன் இடையிலே பள்ளியை விட்டு விலகுகிறது? இடம்பெயர்ந்து பல பள்ளிகள் மாறிய வன்னிப் பிள்ளை வாசிப்பிலே ஏன் தடுமாறுகிறது? இவற்றை அன்றாடம் கண்ணெதிரே காண்பவர் அப்பள்ளிகளின் ஆசிரியரே. அவர் தாம் கண்டதைப் பிற நாட்டார் கண்டதோடு ஒப்பிட்டு, முன்னோர் ஆய்வின் மேல் தம் ஆய்வைக் கட்ட வேண்டுமானால் நூலும் சஞ்சிகையும் கைக்கு எட்ட வேண்டும். எட்டாவிட்டால் என்ன நேரும்? நகரத்திலிருந்து வருபவர் வினாக்கொத்தை நிரப்பிக்கொண்டு போவர். ஆசிரியர் பிறருடைய ஆய்வுக்குத் தகவல் தரும் கருவியாகவே நின்றுவிடுவர். தம்மைப் பற்றிப் பிறர் எழுதுவதை மட்டும் வாசிக்கும் மக்கள் கூட்டம் தன் நிலையைத் தானே மாற்றியமைக்க முடியாது.

இனி, மறுப்புரைப்போரின் வாதங்களைப் பார்ப்போம்.

பாடநெறிக்கென அச்சிட்டுத் தரும் கைந்நூல் போதுமே என்பது முதல் வாதம். கைந்நூல் பரீட்சைக்குப் போதும். ஆனால் ஆய்வு என்பது கைந்நூல் முடியும் இடத்திலேதான் தொடங்குகிறது. ஒரே நூலை மட்டும் வாசித்தவனுக்கு அதனோடு முரண்படும் ஆற்றல் எப்படி வரும்?

தூரத்திலுள்ளோருக்கு இரவல் கொடுத்தால் நூல்கள் தொலைந்துவிடும் என்பது இரண்டாவது வாதம். சீர்காழியிலே பிறந்து, 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1931 இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வகுத்த எஸ். ஆர். இரங்கநாதன், நூல் இருப்பது பயன்படுவதற்கே என்பதை முதல் விதியாக வைத்தார். வாசகனுடைய நேரத்தை வீணாக்கலாகாது என்பதும் அவர் வகுத்த விதிகளுள் ஒன்று. 1913 இல் நியூயோர்க் பொது நூல்நிலையத்தைப் பற்றி எழுதிய லெனினும், எத்தனை அரிய சுவடிகள் உள்ளன என்பதை விட, எத்தனை மக்களிடம் எவ்வளவு விரைவாக நூல் சென்று சேர்கிறது என்பதையே நூல்நிலையத்தின் பெருமைக்கு அளவுகோலாகக் கொண்டார். தமிழ்நாட்டு நூலகரும் ருஷ்யப் புரட்சியாளரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்க, தூசி படிந்த அலுமாரியின் சாவியை இறுகப் பிடித்திருப்போர் எந்த நூற்றாண்டிலே வாழ்கின்றனர்?

இப்போது எல்லாம் இணையத்தில் இருக்கிறதே என்பது மூன்றாவது வாதம். இதுதான் மிகவும் நயமான ஏமாற்று. இணையத்தில் தலைப்பும் சுருக்கமும் இருக்கின்றன. பல கட்டுரைகளின் உடலோ பணச்சுவருக்கு அப்பால் இருக்கிறது. பொதுப் பணத்தில் ஆய்வு நடக்கிறது. ஆய்வாளர் ஊதியமின்றிக் கட்டுரை கொடுக்கிறார். மற்றோர் ஆய்வாளர் ஊதியமின்றி அதை மதிப்பிடுகிறார். பின்னர் பெரும் வெளியீட்டுக் கம்பனிகள் அதே கட்டுரையை அதே பல்கலைக்கழகங்களுக்கு விற்கின்றன. இதைச் சுரண்டல் என்னாது வேறு எப்பெயரால் அழைப்பது? இச்சுவரின் முன்னே மிகப் பலவீனமாக நிற்பவன் தொலைக்கல்வி மாணவனே. பல்கலைக்கழகம் சந்தா செலுத்திய சஞ்சிகையும் வளாகத்துக் கணினியில் மட்டுமே திறக்குமானால், அச்சந்தா அவனுக்குச் செலுத்தப்பட்டதாகாது. வீட்டிலிருந்தே கடவுச்சொல்லைக் கொண்டு நுழையும் தொழில்நுட்பம் உலகெங்கும் பழகிப்போன ஒன்று. அதனை ஒவ்வொரு வெளிவாரி மாணவனுக்கும் வழங்குவதற்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் அக்கறையின்மையே.

அயல்நாடுகளைப் பாருங்கள். பிரித்தானியாவிலே ஒரு பல்கலைக்கழகத்தின் தொலைக்கல்வி மாணவன் தன் ஊருக்கு அண்மையிலுள்ள வேறொரு பல்கலைக்கழக நூல்நிலையத்தைப் பயன்படுத்தும் கூட்டு ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறது. இந்தியாவிலே 2025 ஜனவரியில், 30 வெளியீட்டாளரின் சுமார் 13,000 சஞ்சிகைகளை அரசாங்க உயர்கல்வி நிறுவனங்களுக்கு ஒரே சந்தாவில் வழங்கும் திட்டம் தொடங்கியது. மூன்றாண்டுக்கு அந்நாடு ஒதுக்கிய தொகை 6,000 கோடி ரூபா. மக்கள் பணம் கம்பனிகளுக்கே போகிறது என்ற குறை அதிலும் உண்டு. எனினும் தேசம் முழுவதற்கும் ஒருங்கே பேரம் பேசலாம் என்னும் பாடத்தை நாம் கற்கலாகாதா?

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் ஒன்று கூற வேண்டும். கதவு முழுதும் திறக்கும் வரை கைகட்டி நிற்பதும் நமக்கு அழகன்று. 1964 இல் அமெரிக்க அரசாங்கம் தொடங்கிய எரிக் என்னும் கல்வி ஆய்வுத் தொகுப்பை எவரும் கட்டணமின்றித் தேடலாம். முழுமையாக வாசிக்கக்கூடிய அறிக்கைகள் அதிலே ஏராளம். 2002 இல் புடாபெஸ்ற் நகரிலிருந்து திறந்த அணுக்கத்துக்கான அறைகூவல் எழுந்த பின்னர், பணச்சுவரில்லாத சஞ்சிகைகள் பெருகியுள்ளன. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எவரும் வாசிக்கத் தருகிறது. கட்டுரை கிடைக்கவில்லையா? அதை எழுதியவருக்கே ஒரு கடிதம் எழுதுங்கள். மனமுவந்து அனுப்புவோர் பலர். நூலகரிடம் கேளுங்கள், கேட்கப்படாத உரிமை காலப்போக்கில் இல்லாத உரிமையாகிவிடும். ஆய்வேட்டை விலைக்கு எழுதுவிப்பதும், இயந்திரம் எழுதித் தந்ததைத் தம் பெயரில் ஒப்படைப்பதும் பெருகிவரும் நாளிது. நூல் கிடைக்காமை அவ்விழிவுக்குச் சாட்டாகக் கூடாது. ஆயின் வாசிக்க வழி தராமல் ஒழுக்கத்தை மட்டும் உபதேசிக்கும் நிறுவனங்களும் அப்பழியிலே பங்காளிகளே.

நமது கோரிக்கைகள் மிகையானவை அல்ல. நாட்டின் எந்த அரச பல்கலைக்கழகத்திலே பதிந்த மாணவனும் தனக்கு அண்மையிலுள்ள எந்தப் பல்கலைக்கழக நூல்நிலையத்திலும் வாசிக்கவும் இரவல் பெறவும் உரிமை வேண்டும். உள்வாரி மாணவனுக்குள்ள இணைய அனுமதி வெளிவாரி மாணவனுக்கும் வேண்டும். தொலைக்கல்வி மாணவர் வரும் வார இறுதி நாட்களிலே நூல்நிலையங்கள் மாலை வரை திறந்திருக்க வேண்டும். அலுமாரிகளிலே உறங்கும் தமிழ் ஆய்வேடுகள் மின்வடிவாகிப் பொதுமக்களைச் சேர வேண்டும். ஆங்கிலச் சஞ்சிகை கிடைத்தால் மட்டும் போதாது. தமிழிலே ஏற்கெனவே ஆய்ந்தது எது என்று அறியாமல் தமிழ்வழிக் கல்வியை எவ்வாறு திருத்துவது?

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் சுமார் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டபோது நமது மக்கள் துடித்தனர். இன்றும் அதை நினைந்து கலங்குகின்றனர். அத்துயரம் உண்மையானதாயின், நூல்கள் உயிரோடிருந்தும் வாசகனை அடையாத நிலையை நாம் பொறுக்கலாகாது. ஆசிரியர் சங்கங்கள் சம்பளத்துக்கும் இடமாற்றத்துக்கும் குரல் கொடுக்கின்றன; அது நியாயமே. அடுத்த மகாநாட்டிலே நூல்நிலைய உரிமையும் ஒரு தீர்மானமாக எழட்டும். மாணவர் ஒன்றியங்கள் தமது கோரிக்கைப் பட்டியலிலே முகம் காணாத வெளிவாரித் தோழனையும் சேர்த்துக்கொள்ளட்டும். அலுமாரியின் சாவி மக்களுடையது. அதைக் கேட்டுப் பெறுவோம்.