நிலையான தொழில் இருசாரார்க்கும் அரண்

தொழில் நிலைபேறு என்றதும், அது தொழிலாளி கேட்கும் சலுகையென்றும் முதலாளியின் தலையில் ஏற்றப்படும் பாரமென்றும் நம்மிற் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் முதலாளிக்கும் கேடு விளைப்பதாகும்.

அட்டாளைச்சேனையை நோக்குங்கள். ஆசிரியர்களைப் பயிற்றிய பெருமை வாய்ந்த ஊர். அருகே ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் நிற்கிறது. இங்கு படித்த வாலிபன் அரசாங்க உத்தியோகத்துக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கிறான். இல்லையேல் வளைகுடா நாடுகளுக்குச் செல்கிறான். உள்ளூர்க் கடையிலோ ஆலையிலோ அமர விரும்புகிறானில்லை. இது சோம்பலா? அன்று. அரசாங்க வேலைக்கு நியமனக் கடிதம் உண்டு. வளைகுடா வேலைக்கும் இத்தனை ஆண்டென்று ஒப்பந்தம் உண்டு. உள்ளூர் வேலையிலோ, "நாளை வரவேண்டாம்" என்ற ஒரு சொல்லோடு பிழைப்பு முடிந்துவிடுகிறது. நல்ல கைகளை நம் முதலாளிமார் இழப்பது இதனாலேயாம்.

வேளாண்மை செய்யும் மக்களுக்கு இது புதிய பாடமன்று. 1958இல் பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம், குத்தகைக் கமக்காரரின் உழும் உரிமையை நிலைப்படுத்த முனைந்தது. நோக்கம் நன்று. ஆயின் காணி கைநழுவுமென்று அஞ்சிய உடைமையாளர், நாட்டின் பல பகுதிகளிலும் குத்தகையாளரை வெளியேற்றினர், பலரைக் கூலியாட்களாக்கினர். அடுத்த போகம் தனக்குரியதோ என்றறியாதவன் வரம்பைத் திருத்துவானா? வாய்க்காலைத் துப்புரவாக்குவானா? விளைவு குறைந்தபோது போடியாரின் பங்கும் குறைந்ததன்றோ! ஒரு சாரார் அஞ்சும் நிலைபேறு ஊன்றி நிற்காது. இருசாராரும் ஒப்பியதே நிற்கும்.

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ இன்றி, ஒழுக்காற்றுக் காரணமல்லாத வேறு காரணத்துக்காக அவரை நீக்குதலைத் தடுத்தது. ஆனால் 15 பேருக்குக் குறைந்தோர் வேலைசெய்யும் இடங்களை அது தொடவில்லை. நம் ஊர்க் கடைகளிலும் சிறு ஆலைகளிலும் பல அத்தகையனவே.

அங்கே சட்டமே இல்லையென்று எவரும் எண்ணற்க. கடை, காரியாலய ஊழியர் பற்றிய 1954ஆம் ஆண்டுச் சட்டம், வேலைக்கு அமர்த்தும்போதே சம்பளமும் நிபந்தனைகளும் எழுதிய கடிதம் கொடுக்கவேண்டுமென்கிறது. 1958இல் வந்த ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி, ஊழியர் ஒருவரே ஆயினும், அவர் பங்காக நூற்றுக்கு 8உம் முதலாளி பங்காக நூற்றுக்கு 12உம் செலுத்தவேண்டும். அநியாயமாக நீக்கப்பட்டவர் தொழில் நியாய சபையை நாடலாம். அங்கே எழுத்தில் எதுவும் வையாத முதலாளி வெறுங்கையோடு நிற்பார். கடிதம் கொடுத்தவர் ஆதாரத்தோடு நிற்பார்.

"மழை பொய்த்தால், வெள்ளம் புகுந்தால், நான் எங்ஙனம் சம்பளம் கொடுப்பேன்?" என்று முதலாளி கேட்பது நியாயமே. நிலைபேறு என்பது எந்நாளும் நீக்கமுடியாத வேலையன்று. நீங்குவதற்கும் ஒரு முறை இருத்தல் என்பதே அதன் பொருள். ஒரு போகத்துக்கு மட்டும் ஆள் வேண்டுமாயின், அவ்வாறே எழுதுக. நிறுத்துவதாயின் முன்னறிவித்தல் தருக. சேரவேண்டியதைக் கணக்குத் தீர்த்துக் கொடுக்க.

அதேபோன்று தொழிலாளிக்கும் கடமை உண்டு. சூடு மிதிக்கும் காலம் போய் அறுவடை இயந்திரம் வந்துவிட்ட இந்நாளில், அதன் சாரதி சொல்லாமற் கொள்ளாமற் சென்றால், விளைந்த கதிர் மழையில் நனைந்து அழியும். நெல் அவிப்பவர் திடீரென நின்றுவிட்டால் ஆலை நின்றுவிடும். முன்னறிவித்தலை உரிமையாகக் கேட்பவர், அதனைக் கொடுக்கவும் கடமைப்பட்டவர்.

ஆகவே கமக்காரர் அமைப்புகளும் வர்த்தகப் பெருமக்களும் ஒன்றுகூடி, எளிய தமிழில் ஒரு நியமனக் கடித மாதிரியை ஆக்கிப் பரப்புவார்களாக. படித்தோர் அதனை எழுதிக்கொடுத்து உதவுவார்களாக. வரும் பெரும்போகத்துக்கு முன்னரே இப்பணி தொடங்கட்டும்.