சத்து ரத்தத்தில் சேர வேண்டும்

ஊட்டச்சத்துத் திட்டங்களின் வரலாற்றில் திருச்சி மாவட்டத்துக்கு இரண்டு முறை முதலிடம் வாய்த்திருக்கிறது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது இங்குள்ள பாப்பாக்குறிச்சியில்தான். 2020 அக்டோபரில் செறிவூட்டப்பட்ட அரிசியை நியாயவிலைக் கடைகளில் வழங்கும் முன்னோட்டத் திட்டத்துக்குத் தமிழகத்திலிருந்து தேர்வானதும் இதே மாவட்டம். துறையூரும் அதையொட்டிய பச்சமலைக் கிராமங்களும் அந்தத் திட்டத்தின் எல்லைக்குள் வந்தன.

திட்டத்துக்குப் பஞ்சமில்லை, ரத்தசோகைக்கும் பஞ்சமில்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 2015-16இல் தமிழகப் பெண்களில் 55% பேருக்கு ரத்தசோகை இருந்தது; 2019-21இல் அது 53.4%. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் 50.7 சதவீதத்திலிருந்து 57.4 சதவீதமாக ஏறிவிட்டது. அரிசித் திட்டம் வேரூன்றுவதற்கு முந்தைய நிலவரம் இது என்பது உண்மை. ஆனால் சத்துணவும் அங்கன்வாடியும் சத்து மாத்திரையும் பல பத்தாண்டுகளாக நடைமுறையில் இருந்தபோது வந்த எண்கள் இவை. பொருளை வீட்டு வாசல்வரை கொண்டுவந்த அரசு, அது வயிற்றுக்குள் போனதா, ரத்தத்தில் சேர்ந்ததா என்று பார்ப்பதில் பின்தங்கிவிட்டது.

அந்த அரிசியையே எடுத்துக்கொள்வோம். அரிசி மாவுடன் இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, இயந்திரத்தில் பிழிந்து மீண்டும் அரிசி வடிவத்தில் வார்க்கிறார்கள். நூறு கிலோ சாதாரண அரிசிக்கு ஒரு கிலோ என்று இதைக் கலக்கிறார்கள். 20 கிலோ ரேஷன் அரிசியில் இது 200 கிராம்தான். நிறம் சற்று மாறியிருக்கும். கழுவும்போது சில மணிகள் மிதக்கும். ‘பிளாஸ்டிக் அரிசி’ என்ற வதந்திக்கு இது போதாதா? முறத்தில் போட்டுப் புடைத்து, கல் பொறுக்குவதுபோல அந்த மணிகளைப் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் பல வீடுகளில் உலை வைக்கிறார்கள். அரசு செலவழித்துச் சேர்த்த சத்து அத்தனையும் அந்த இரண்டு பிடியில்தான் இருக்கிறது என்பதை எடைபோட்டுக் கொடுத்தவர் சொல்லவில்லை, வாங்கியவருக்குத் தெரியவில்லை.

பொறுக்காமல் சமைத்தாலும் கணக்கு சிறியதே. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி ஒரு கிலோவில் 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு இருக்க வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டில் 20 கிலோவை ஒரு மாதத்துக்குப் பகிர்ந்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு 5 முதல் 7 மில்லிகிராம் வரை கிடைக்கும். வயதுவந்த பெண்ணுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவோ 29. மிச்சம் கீரையிலும் பயறிலும் முட்டையிலும் மீனிலும் இருந்து வர வேண்டும். அரிசியின் இந்த வரம்பை மறைத்து, அதை ரத்தசோகைக்கான முழுத் தீர்வாக விளம்பரப்படுத்துவது நியாயமல்ல.

உடல் எவ்வளவு ஏற்றுக்கொள்கிறது என்பது அடுத்த கேள்வி. களையெடுக்கப் போகும் பெண் காலைச் சாப்பாட்டோடு டீ குடிக்கிறார். தேநீரின் டானின் இரும்பைச் சேரவிடாமல் தடுக்கும். அதே சோற்றோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் கூடுதலாகச் சேரும். செருப்பில்லாமல் தோட்டத்தில் நடப்பவர்களின் காலைத் துளைத்து நுழையும் கொக்கிப்புழு, குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். பள்ளியில் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரைக்கும் கழிப்பறைக்கும் சத்துணவுக்கு நிகரான பங்கு இருப்பது இதனால்தான்.

கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையின் கதையும் இப்படித்தான். குமட்டுகிறது, மலம் கறுக்கிறது, பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று சொல்லி அட்டை அட்டையாக அலமாரியில் கிடக்கிறது. மலம் கறுப்பது இயல்பு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும் என்று நிதானமாகச் சொல்ல ஆள் வேண்டும். பதிவேடுகளை நிரப்புவதிலேயே பொழுது போகும் கிராம சுகாதார செவிலியருக்கு அந்த நிதானம் எங்கிருந்து வரும்?

பச்சமலையில் இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. சாமையும் தினையும் வரகும் விளைந்த காடுகளில் மரவள்ளி ஏறிவிட்டது; கிழங்கு ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. கையில் காசு தரும் பயிரை நட்டதற்காக மலைவாசிகளைக் குறைசொல்ல முடியாது. ஆனால் புரதமும் இரும்பும் தீட்டிய அரிசியைவிடக் கூடுதலாக உள்ள தானியம் வீட்டுப் பானையிலிருந்து விலகிப்போனது. 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷனில் இரண்டு கிலோ கேழ்வரகு தர முடிந்ததென்றால், பச்சமலைச் சாமையை நல்ல விலைக்கு வாங்கித் துறையூர்ப் பகுதி அங்கன்வாடிகளுக்கும் விடுதிகளுக்கும் தருவது முடியாத காரியமல்ல.

மக்கள் தங்கள் வழக்கமாக்கிக்கொண்ட சத்து நிலைக்கும் என்பதற்குப் பழைய சென்னை மாகாணமே சாட்சி. ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்ட கடலோர ஆந்திரத்தில் தயமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் நிலைகொண்டிருந்தபோது, புழுங்கல் அரிசி உண்ட தெற்கில் அது அரிதாக இருந்தது. நெல்லை அவிக்கும்போது தவிட்டின் தயமின் அரிசிக்குள் இறங்குகிறது. விளம்பரமே இல்லாமல் நோயைத் தடுத்த பழக்கம் அது.

இனி தேவை புதிய திட்டமல்ல. நியாயவிலைக் கடையில் அந்த மணிகளைக் கையில் எடுத்துக் காட்டி விளக்க வேண்டும். மாத்திரை கொடுத்த எண்ணிக்கையோடு விழுங்கிய எண்ணிக்கையையும் கேட்க வேண்டும். கிராம சபையில் எத்தனை மூட்டை அரிசி வந்தது என்று வாசிக்கும்போது, ஊரில் எத்தனை கர்ப்பிணிகளின் ஹீமோகுளோபின் 11 கிராமைத் தாண்டியது என்பதையும் பெயர் சொல்லாமல் வாசிக்கட்டும். இரண்டு முறை முதலில் தொடங்கிய மாவட்டம் இந்தக் கணக்கையும் முதலில் தொடங்கலாம்.