யந்திரமே யந்திரத்தைச் சோதிக்கிறது!

2024-ம் ஆண்டு ஜூலை மாதம் 19-ந் தேதி, வெள்ளிக்கிழமை. பல நாடுகளில் விமான நிலையங்கள் ஸ்தம்பித்தன. ஆஸ்பத்திரிகளில் வேலை தடைப்பட்டது. பாங்குகளில் கம்ப்யூட்டர் திரைகள் நீல நிறமாகி நின்றுவிட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில்கூட சில பயணிகளுக்கு அனுமதிச் சீட்டைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள்!

யுத்தம் இல்லை. புயல் இல்லை. எதிரியின் சதியும் இல்லை. கிரௌட்ஸ்ட்ரைக் என்பது ஓர் அமெரிக்கக் கம்பெனி. கம்ப்யூட்டர் திருடர்களைத் தடுக்கும் காவல்கார மென்பொருளை விற்கிறது. அன்று அது தன் வாடிக்கைக்காரர்களுக்கு ஒரு சிறு திருத்தத்தை அனுப்பியது. அதில் ஒரு பிழை. 78 நிமிஷத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன! இது மைக்ரோசாப்ட் கம்பெனி சொன்ன கணக்கு.

சோதித்துப் பார்க்காமலா அனுப்பினார்கள் என்று கேட்பீர்கள். சோதித்தார்கள். சோதித்தது ஒரு யந்திரம், அதாவது இன்னொரு மென்பொருள். அந்தச் சோதனைக்காரனிடமே கோளாறு இருந்தது! 21 விவரங்களை எதிர்பார்த்த இடத்துக்கு 20 விவரங்கள்தான் வந்து சேர்ந்தன. இல்லாத 21-வது விவரத்தைத் தேடிப் போன கம்ப்யூட்டர் விழுந்தது. சோதனைக்காரனோ, "சரி" என்று முன்பே முத்திரை குத்தியிருந்தான். இனிமேல் திருத்தங்களை எல்லாருக்கும் ஒரே சமயத்தில் அனுப்பாமல், முதலில் சிலருக்கு, பிறகு பலருக்கு என்று படிப்படியாக அனுப்பப் போவதாகக் கம்பெனி பின்னர் அறிவித்தது.

6 பேர்தான்!

இன்னொரு சங்கதி. எல்லாரும் மருத்துவ இன்ஷூரன்ஸ் வாங்குவதற்காக அமெரிக்க சர்க்கார் ஓர் இணையதளம் அமைத்தது. 2013 அக்டோபர் 1-ந் தேதி திறந்தார்கள். லட்சக்கணக்கானவர்கள் வந்து மோதினார்கள். முதல் நாள் முடிவில் பதிவு செய்ய முடிந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 6 பேர்! ஆரம்பம் முதல் கடைசிவரை முழுமையாகச் சோதிப்பது திறப்பு விழாவுக்கு முந்திய இரண்டே வாரங்களில்தான் நடந்தது என்று, வேலையை எடுத்துச் செய்த கம்பெனிக்காரர்களே அமெரிக்கப் பார்லிமெண்டில் சாட்சி சொன்னார்கள்.

இதெல்லாம் நமக்கு எதற்கு? ரெயில் டிக்கெட், மின்சாரக் கட்டணம், காஸ் சிலிண்டர், பிள்ளைகளின் பரீட்சை முடிவு எல்லாம் இன்று செல்போனில் வருகின்றன. செயலி பாதியில் நின்றால், பணம் போயிற்றா இருக்கிறதா என்று தெரியாமல் தவிப்பது யார்? நாம்தான்.

மண்பானை வாங்குகிற அம்மா தட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறார். பானையை ஒரு முறை தட்டினால் போதும். மென்பொருள் அப்படி அல்ல. வாரா வாரம் மாற்றுகிறார்கள். ஒரு மூலையில் மாற்றினால் வேறு மூலையில் விரிசல் விடும். ஆகையால் ஒவ்வொரு முறையும் முழுவதையும் தட்டவேண்டும். மனிதன் அலுத்துப் போவான். யந்திரம் அலுக்காது.

2004-ம் ஆண்டில், சிக்காகோ நகரில் ஜேசன் ஹக்கின்ஸ் என்பவர் இதற்கு ஒரு கருவி செய்தார். இணையப் பக்கத்தைத் திறந்து, பட்டனை அழுத்தி, விடை சரியா என்று அதுவே பார்க்கும். செலினியம் என்று பெயர். பெயரில் ஒரு கேலி இருக்கிறது. பாதரச விஷத்துக்குச் செலினியம் மாற்று என்பார்கள். அந்நாளில் சோதனைத் தொழிலில் கொடிகட்டிப் பறந்த கம்பெனியின் பெயர் மெர்க்குரி, அதாவது பாதரசம்! செலினியத்தை இன்றும் எவரும் இலவசமாக உபயோகிக்கலாம்.

வாடகைக்குப் போன்!

செல்போன் வந்ததும் புதுத் தொல்லை. 2015-ல் எடுத்த ஒரு கணக்கில், ஆண்ட்ராய்டு போன்களில் மட்டும் 24,000-க்கு மேற்பட்ட ரகங்கள் இருந்தன. ஒன்றில் ஓடுவது மற்றொன்றில் ஓடாது. அத்தனையையும் விலைக்கு வாங்க யாரால் முடியும்?

கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு எடுப்பதில்லையா? அதே வழிதான். ஒரு கட்டடத்தில் விதவிதமான போன்களை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். தஞ்சாவூரில் உட்கார்ந்திருப்பவர் இணையத்தின் மூலம் அவற்றில் ஒன்றை எடுத்துத் தம் செயலியை ஓட்டிப் பார்க்கலாம். நிமிஷக் கணக்கிலோ மாதக் கணக்கிலோ வாடகை. இதைத்தான் "மேகம்" என்கிறார்கள். மேகமும் இல்லை, மழையும் இல்லை; அடுத்தவர் வீட்டுக் கம்ப்யூட்டர், அவ்வளவுதான்! 2011-ல் மும்பையில் தொடங்கிய பிரௌசர்ஸ்டாக் இந்தத் தொழிலில் பெரிய பெயர் எடுத்தது. அமேசானும் 2015-ல் இறங்கியது.

உங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளை இருந்தால், அவனோ அவளோ இதைச் சின்னதாகத் தொடங்கலாம். நூறு சோதனை வேண்டாம், ஒன்று போதும். செயலியில் ஜனங்கள் அதிகம் போகும் வழி எது? உள்ளே நுழைவது, பணம் கட்டுவது, ரசீது வருவது. அதைச் சமையல் குறிப்புபோல வரிசையாக எழுதி, முதலில் சொந்தக் கம்ப்யூட்டரில் ஓட்ட வேண்டும். தப்பான கடவுச்சொல்லையும் கொடுத்துப் பார்க்க வேண்டும். சோதனை தோற்கவேண்டிய இடத்தில் தோற்கிறதா என்று பார்க்காதவர்கள்தான் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள். அதன் பிறகே வாடகைப் போன்கள். அங்கே நிஜ மனிதர்களின் பெயர், பாங்குக் கணக்கு எண் எதையும் போடக்கூடாது. கற்பனை விவரங்களே போதும்.

ஒன்று சொல்லவேண்டும். யந்திரம் கேட்டதைத்தான் பார்க்கும். தமிழ் எழுத்து உடைந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் கிடந்தாலும், பட்டன் வேலை செய்தால் "சரி" என்றே சொல்லும். கண்ணாடி போட்ட பாட்டிக்கு அந்தப் பட்டன் தெரிகிறதா என்பது அதற்குத் தெரியாது. பாட்டியிடமே கொடுத்துப் பார்க்க வேண்டியதுதான். கம்பெனிகள் பளபளக்கும் புதுப் போன்களில் ஓட்டிவிட்டுத் திருப்தி அடைவதும் சரியல்ல. நாலு வருஷப் பழைய போன், குறைந்த விலைப் போன், அதுவும் சிக்னல் விட்டு விட்டு வரும்போது: ரேஷன் கடை வரிசையில் நிற்பவர் கையில் இருப்பது அதுதான். வாடகைக்கு எடுக்கும் பட்டியலில் முதல் இடம் அந்தப் போனுக்கே தரவேண்டும்.