தாகத்தை விலை பேசுவதா?

விமானப் பிரயாணம் சீமான்களுக்கே உரியது என்று எண்ணப்பட்ட காலம் மலையேறிவிட்டது. இன்று கட்டுநாயக்காவிலும் பலாலியிலும் விமானமேறுவோர் யாவர்? வளைகுடா நாடுகளில் வீட்டுப் பணி புரியச் செல்லும் ஏழைத் தாய், வைத்தியத்தின் பொருட்டுச் சென்னை செல்லும் முதிய கமக்காரர், உயர்கல்வி நாடிச் செல்லும் மாணவர் ஆகியோரே அவர்களுட் பலர். ஆகவே, விமானத்தினுள் விற்கப்படும் ஒரு போத்தல் தண்ணீரின் விலையைப் பற்றி நாம் எழுதுவது பணம் படைத்தோரின் முணுமுணுப்பை எதிரொலிப்பதாகாது. இது சாதாரண மக்களின் நியாயத்தைப் பற்றிய கேள்வி.

பிரயாணிகளின் முறைப்பாடு யாவரும் அறிந்ததே. குறைந்த கட்டணச் சேவைகளில் உணவும் பானமும் சீட்டுடன் சேர்ந்தவையல்ல. கடைத்தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் கச்சான் பொட்டலமும், ஒரு கோப்பைத் தேநீரும், போத்தல் தண்ணீரும் வானத்தில் பன்மடங்கு விலை பெறுகின்றன. இதற்குக் கம்பனிகள் கூறும் விடை ஒன்றுதான்: “விரும்பினால் வாங்குங்கள், விரும்பாவிடின் விடுங்கள். எவரையும் நாம் வற்புறுத்தவில்லை.” இவ்விடை நியாயமானதா என்பதையே நாம் ஆராய வேண்டும்.

ஒரு காலத்தில் நிலைமை இதற்கு நேர்மாறாக இருந்தது. 1958ஆம் ஆண்டில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்கும் விமானங்களிற் சிக்கன வகுப்பு தொடங்கப்பட்டது. அவ்வகுப்பினருக்குச் சாதாரண சான்ட்விச்சுக்கு மேல் எதுவும் வழங்கலாகாது என்று சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் விதித்தது. ஸ்கண்டினேவியக் கம்பனியோ பாண் துண்டின் மீது இறைச்சியும் மீனும் குவித்து, முழுச் சாப்பாட்டையே சான்ட்விச் என்ற பெயரிற் பரிமாறியது. அமெரிக்காவின் பான் அம் கம்பனி வழக்குரைக்க, அதிகமாக உணவளித்த குற்றத்திற்காக அக்கம்பனிக்கு 20,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது! அன்று கட்டணங்கள் யாவருக்கும் ஒன்றாக நிர்ணயிக்கப்பட்டிருந்தன, உபசாரத்திற் போட்டியிட்டனர். 1978இல் அமெரிக்காவும் பின்னர் ஐரோப்பாவும் கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கின. போட்டி கட்டணத்தின் மீது திரும்பியது. சீட்டின் விலை இறங்க இறங்க, சீட்டுடன் சேர்ந்திருந்தவை ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டுத் தனித்தனியே விலைக்கு வந்தன. மலசலகூடத்துக்கும் காசு அறவிடலாமென்று 2009இல் ரயன்எயார் தலைவர் பகிரங்கமாகவே யோசனை கூறினார். அது நடைமுறைக்கு வரவில்லை. எனினும் எண்ணம் எத்திசையிற் செல்கின்றது என்பதை அது காட்டிற்று.

கம்பனிகளின் பக்கத்திலும் நியாயம் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஏற்றிச் செல்லும் ஒவ்வோர் இறாத்தலுக்கும் எரிபொருள் செலவாகின்றது. விற்பனையாகாத உணவு வீணாகின்றது. உண்ணாதவனிடம் உண்பவனின் செலவை அறவிடாமையாற் சீட்டு மலிகின்றது. அந்த மலிவினாலேயே ஏழைகள் விமானமேற முடிந்தது. ஆகவே புரியாணியை இலவசமாகத் தருக என்று நாம் கோரவில்லை. சுவைக்காக வாங்குவதை வாங்குவோர் விலை கொடுத்தே வாங்கட்டும்.

ஆனால் தண்ணீர் சுவைக்கு வாங்கும் பொருளா? 2006 ஆகஸ்டில் இலண்டனில் விமானங்களைத் தகர்க்கும் சதி வெளிப்பட்ட பின்னர், 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட பானம் எதுவும் சோதனை வாயிலைக் கடக்கலாகாது என்ற விதி உலகின் பெரும்பாலான நாடுகளுக்குப் பரவியது. பாதுகாப்புக்காக விதித்த விதியை நாம் குறை கூறவில்லை. எனினும், பிரயாணியின் கையிலிருந்த தண்ணீரைப் பறித்தது சட்டம். பறித்த பின் அவனை அடைத்துவைக்கும் அறையோ, ஈரப்பதம் நூற்றுக்கு இருபதுக்கும் குறைந்து நாவறளச் செய்யும் அறை. அங்கே ஒரே கடை, ஒரே வியாபாரி, வெளியேற வாயிலில்லை. “விரும்பாவிடின் விடுங்கள்” என்ற வார்த்தைக்கு அங்கே என்ன பொருள்?

இந்திய உயர் நீதிமன்றம் 2017 டிசெம்பரில் வழங்கிய தீர்ப்பொன்றை இங்கே சிலர் எடுத்துக்காட்டக்கூடும். ஹோட்டலிலும் உணவகத்திலும் போத்தல் தண்ணீரை அதிற் பொறித்த உச்ச விலைக்கு மேல் விற்பது குற்றமாகாது. அங்கே விற்கப்படுவது பொருள் மாத்திரமன்று, இருக்கையும் சூழலும் உபசாரமும் சேர்ந்த சேவை என்பது அத்தீர்ப்பின் சாரம். நாம் அதனை மதிக்கின்றோம். ஆயினும் ஹோட்டலில் விலை கேட்டு மலைத்தவன் எழுந்து வெளியேறி அடுத்த கடையிற் குடிக்கலாம். முப்பதாயிரம் அடி உயரத்தில் எங்கே போவது? மேலும், இருக்கைக்கு அவன் ஏற்கனவே சீட்டு வாங்கிப் பணம் செலுத்திவிட்டானே! ஒரே இருக்கைக்கு இருமுறை விலையா?

இக்கட்டில் நிற்பவனிடம் விலை பேசுவது எத்தகையது என்பதை எமது கமக்காரருக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. அறுவடை முடிந்து ஈரநெல் களத்திற் கிடக்கையில், வைத்திருக்கக் களஞ்சியமில்லை, கடன்காரன் வாசலில் நிற்கின்றான் என்பதை அறிந்தே வியாபாரி விலை கூறுகின்றான். “விரும்பினால் விற்றுவிடு” என்று அவனும் சொல்கின்றான். அது சுதந்திரமான பேரமன்று என்பதனாலேயே அரசாங்கம் தலையிட வேண்டியிருக்கின்றது. 2025 பெப்ரவரியில் நாட்டரிசி நெல்லுக்குக் கிலோ 120 ரூபா, சம்பாவுக்கு 125 ரூபா என்று கொள்வனவு விலை அறிவித்தது. விற்பவன் சிக்கியிருக்கும் இடத்திற் சட்டம் துணை நிற்கலாமெனில், வாங்குபவன் சிக்கியிருக்கும் இடத்தில் ஏன் நிற்கலாகாது?

எமது நாட்டிற் போத்தல் தண்ணீருக்கும் உச்ச விலை உண்டு. 2025 ஏப்ரிலில் அரை லீற்றருக்கு 70 ரூபாவும் ஒரு லீற்றருக்கு 100 ரூபாவும் நிர்ணயிக்கப்பட்டன. 2003ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அதற்குக் காவல். ஆனால் அக்காவல் விமானத்தின் வாயிலோடு நின்றுவிடுகின்றது. விமானத்தினுள் நிகழும் குற்றங்களுக்கு அவ்விமானம் பதிவான நாட்டுக்கே நியாயாதிக்கம் உண்டென்பது 1963ஆம் ஆண்டின் தோக்கியோ உடன்படிக்கை வகுத்த பொது நெறி. அந்நிய விமானத்தினுள் எமது விலைப் பரிசோதகர் நுழைந்து வழக்குத் தொடுப்பதென்பது எளிதன்று. ஆயின், எமது மண்ணில் இறங்கும் அனுமதியை வழங்குவது எமது அரசாங்கம். அவ்வனுமதியுடன் நிபந்தனை விதிப்பதை யார் தடுப்பார்?

அயல் நாட்டிலிருந்து ஓர் உதாரணமும் உண்டு. விமான நிலையங்களின் விலைக் கொள்ளை பற்றி இந்திய மாநிலங்களவையிற் குரலெழுந்த பின்னர், 2024 டிசெம்பரிற் கொல்கத்தாவிலும் 2025 பெப்ரவரியிற் சென்னையிலும் அரசாங்கமே மலிவு விலைச் சிற்றுண்டிச்சாலை திறந்தது. தேநீர் 10 இந்திய ரூபா. தண்ணீர் 10 ரூபா. முடியாதெனப்பட்டது முடிந்தது.

ஆகவே எமது கோரிக்கைகள் நான்கு. முதலாவது, கேட்கும் ஒவ்வொரு பிரயாணிக்கும் குடிதண்ணீர் இலவசமாக வழங்கப்படல் வேண்டும். இரண்டாவது, உணவு பானங்களின் விலைப்பட்டியல் சீட்டு விற்கும்போதே காட்டப்படல் வேண்டும். பிரயாணி வீட்டிலிருந்து கொண்டுவரும் உணவை உண்ணவும் தடையிருத்தலாகாது. மூன்றாவது, வங்கி அட்டையை மாத்திரமன்றி ரூபா நாணயத்தையும் ஏற்க வேண்டும். அட்டையில்லாத ஏழைக்குப் பசியில்லையா? நான்காவது, விலைப்பட்டியலும் அறிவித்தலும் தமிழில் இருத்தல் வேண்டும். 2019இற் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது சென்னைக்கும் எமக்கும் இடையிலான பாதைக்காகவே. இரு கரையிலும் தமிழ் வாழும் அப்பாதையில், 1987ஆம் ஆண்டின் திருத்தத்தால் இந்நாட்டின் அரசகரும மொழியாகிய தமிழிலே தண்ணீரின் விலையை அறிய எம்மவருக்கு உரிமையுண்டு.

இவற்றில் எதுவும் எந்தக் கம்பனியையும் வங்குரோத்தாக்காது. எமது பாராளுமன்றப் பிரதிநிதிகள் இவற்றைச் சபையில் எழுப்ப வேண்டும். பிரயாணம் செய்யும் வாசகர்கள் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி, திகதியும் விமான இலக்கமும் குறித்து, சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும். வாய்ப்பேச்சு விமானம் தரையிறங்குமுன் மறைந்துவிடும். எழுதிய முறைப்பாட்டுக்கு அதிகாரிகள் விடை பகர்ந்தே தீரவேண்டும்.