கூலி பேசுமுன் விசாரி!

வீடு கட்டுவதற்கு இரண்டு வழி உண்டு. மொத்தமாக ஒரு தொகை பேசி காண்டிராக்ட் விடுவது ஒரு வழி. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் நாள் கூலி கொடுத்து வேலை வாங்குவது மற்றொரு வழி.

மொத்தமாகப் பேசினால், வேலை இழுத்துக்கொண்டே போனாலும் நஷ்டம் காண்டிராக்டருக்குத்தான். நாள் கூலி என்றால் அப்படி அல்ல. தாமதமாகும் ஒவ்வொரு நாளும் வீட்டுக்காரரின் பையில் இருந்துதான் பணம் போகும்.

ஆகவே, விவரம் தெரிந்தவர்கள் நாள் கூலிக்கு ஆள் வைக்குமுன் நாலு பேரிடம் விசாரிப்பார்கள். "இப்போது கூலி என்ன? இந்தச் சுவருக்கு எத்தனை ஆள் வேண்டும்? அந்த மேஸ்திரி கட்டிய வீடு ஒழுகாமல் இருக்கிறதா?" என்று கேட்பார்கள்.

சொந்தப் பணத்துக்கே இவ்வளவு ஜாக்கிரதை! ஊர்ப் பணத்தைச் செலவிடும் சர்க்கார் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

கம்ப்யூட்டர் வேலைக்கும் கூலி

இந்தக் காலத்தில் சர்க்கார் வேலைகள் எல்லாம் கம்ப்யூட்டரில் நடக்கின்றன. சம்பளம், வரி, பென்ஷன், மருத்துவ இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் சாப்ட்வேர் வேண்டும். அதை எழுதுவதற்குக் கம்பெனிகளிடம் இருந்து ஆட்களை வரவழைக்கிறார்கள்.

அமெரிக்காவில் இப்படி வரும் ஆட்களில் பலருக்கு மணிக் கணக்கில் கூலி. ஒருவர் ஒரு மணி நேரம் உழைத்தால் இத்தனை டாலர் என்று கணக்கு. அந்தக் கூலிக்குள்ளேயே ஆளின் சம்பளம், கம்பெனியின் செலவு, லாபம் எல்லாம் அடங்கிவிடும்.

மணிக்கு 10 டாலர் கூடினால் என்ன பெரிய நஷ்டம் என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வாரத்துக்கு 40 மணி நேரம். வருஷத்துக்கு 52 வாரம். ஆக, ஓர் ஆளுக்கு 2,080 மணி. பத்து ஆளுக்கு 20,800 மணி. மணிக்கு 10 டாலர் கூடுதலாகக் கொடுத்தால், ஒரே வருஷத்தில் 2 லட்சத்து 8 ஆயிரம் டாலர் வீண்!

அமெரிக்க மத்திய சர்க்காரின் கொள்முதல் விதிகள் இந்த ஆபத்தை நன்றாக உணர்ந்தே எழுதப்பட்டவை. மணிக் கூலி ஒப்பந்தத்தில், செலவைக் குறைக்கவோ வேலையைச் சீக்கிரம் முடிக்கவோ கம்பெனிக்கு லாப ஆசை எதுவும் இல்லை என்று அந்த விதிகள் வெளிப்படையாகவே எச்சரித்து வந்திருக்கின்றன.

ஆகவே கட்டுப்பாடுகளும் உண்டு. வேலை எவ்வளவு, எத்தனை நாள் என்று முன்கூட்டியே கணிக்க முடியாதபோதுதான் மணிக் கூலிக்கு விடலாம். வேறு வகை ஒப்பந்தம் பொருந்தாது என்பதை அதிகாரி எழுதி வைக்க வேண்டும். மொத்தச் செலவுக்கு ஓர் உச்ச வரம்பும் வைக்க வேண்டும்.

நியூயார்க்கில் நடந்தது

இந்த ஜாக்கிரதை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் நகரத்தின் "சிட்டி டைம்" திட்டமே சாட்சி.

நகர ஊழியர்கள் எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்று கம்ப்யூட்டரில் கணக்கெடுக்கும் திட்டம் அது. 1998ல் தொடங்கியபோது ஆகும் என்று போட்ட செலவு 6 கோடியே 30 லட்சம் டாலர்.

முதலில் அது மொத்தத் தொகை பேசிய ஒப்பந்தமாகத்தான் இருந்தது. 2006ல் அதைத் திருத்தினார்கள். உழைத்த நேரத்துக்கு ஏற்பப் பணம் என்று மாறியது. வேலை இழுத்தால் அதன் செலவு கம்பெனியின் தலையில் இருந்து நகரத்தின் தலைக்கு வந்துவிட்டது.

பிறகு என்ன? ஆட்கள் கூடினார்கள். மணிகள் கூடின. பில்களும் கூடின. முடிவில் செலவு 60 கோடி டாலரையும் தாண்டியது!

பெரிய மோசடி நடந்திருப்பது விசாரணையில் வெளிப்பட்டது. வரவழைத்த ஆட்கள் உழைக்கும் ஒவ்வொரு மணிக்கும் 5 டாலர் என்று லஞ்சம் கைமாறியிருந்தது. ஆள் கூடக் கூட, மணி கூடக் கூட, லஞ்சமும் கூடும். திட்டத்தைக் கண்காணிக்க நகரம் அமர்த்திய ஆலோசகரே குற்றவாளிகளில் ஒருவர்!

தலைமைக் காண்டிராக்ட் எடுத்த கம்பெனி, 2012ல் சுமார் 50 கோடி டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது. 2014ல் மூன்று பேருக்குத் தலா 20 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

ஊழியர்களின் மணிக் கணக்கைச் சரிபார்க்கத் தொடங்கிய திட்டம், மணிக் கணக்காலேயே கெட்டது!

முன்கூட்டியே விசாரித்திருந்தால் திருடர்கள் திருடியிருக்க மாட்டார்களா என்று கேட்கலாம். விசாரணை மட்டும் திருட்டைத் தடுத்துவிடாது. ஆனால் திருடனுக்கு இருட்டு வேண்டும். "இந்த வேலைக்கு இத்தனை ஆள் போதும், இதுதான் சந்தைக் கூலி" என்று அதிகாரிக்குத் தெரிந்திருந்தால், அந்த இருட்டு பாதி விலகிவிடும்.

எப்படி விசாரிக்கிறார்கள்?

விசாரிப்பதற்கு அமெரிக்க மத்திய சர்க்காரில் ஒரு முறை இருக்கிறது. அதற்குத் தகவல் கோரும் அறிவிப்பு என்று பெயர். சுருக்கமாக ஆர்.எப்.ஐ. என்பார்கள்.

டெண்டர் வேறு, இது வேறு. டெண்டர் என்றால் கம்பெனி விலை போடும்; சர்க்கார் அதை ஏற்றால் ஒப்பந்தம் ஆகிவிடும். தகவல் கோரும் அறிவிப்பில் அது கிடையாது. கம்பெனி அனுப்பும் பதிலை வைத்து ஒப்பந்தம் செய்துகொள்ள முடியாது. இது வெறும் விசாரணைதான்.

"எங்கள் இலாகாவுக்கு இப்படி ஒரு வேலை இருக்கிறது. உங்களால் செய்ய முடியுமா? இதற்குமுன் எங்கே செய்தீர்கள்? எப்படிப்பட்ட ஆட்கள் வேண்டும்? மணிக்கு என்ன கூலி ஆகும்?" என்று சர்க்கார் கேட்கும். இந்த அறிவிப்புகள் "சாம்" என்ற சர்க்கார் இணையதளத்தில் வெளியாகின்றன. யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

இதனால் சிறிய கம்பெனிகளுக்கும் ஒரு நன்மை உண்டு. தகுதியுள்ள இரண்டு சிறு கம்பெனிகளாவது நியாயமான விலைக்கு வேலையைச் செய்யும் என்று விசாரணையில் தெரிந்தால், அந்த வேலையைச் சிறு கம்பெனிகளுக்கே ஒதுக்கிவைக்கும் முறை அங்கே இருக்கிறது. பதில் எழுதிப் போடாத சிறு கம்பெனி, இருப்பதே சர்க்காருக்குத் தெரியாமல் போய்விடும்.

கம்பெனிகள் சொல்லும் கூலியை அப்படியே நம்ப வேண்டியதும் இல்லை. பொதுச் சேவை நிர்வாகம் என்ற மத்திய இலாகா, பல கம்பெனிகளோடு பேசிவைத்த மணிக் கூலி விவரத்தை இணையத்தில் வெளியிட்டிருக்கிறது. எந்த வேலைக்கு, எவ்வளவு அனுபவம் உள்ள ஆளுக்கு, அதிகபட்சம் எவ்வளவு என்று அதில் பார்க்கலாம். அது உச்ச விலைதான். பேரம் பேசிக் குறைப்பது அதிகாரியின் சாமர்த்தியம்.

பேசுவது குற்றமா?

இவ்வளவு வசதி இருந்தும் பல அதிகாரிகள் கம்பெனிக்காரர்களோடு பேசவே பயந்தார்கள். "பேசினால் பாரபட்சம் என்று பழி வருமே, யாராவது புகார் கொடுப்பார்களே" என்ற அச்சம்தான் காரணம்.

இந்தப் பயத்தைப் போக்குவதற்கென்றே 2011 பிப்ரவரியில் அமெரிக்க மத்திய சர்க்காரின் கொள்முதல் கொள்கை அலுவலகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. டெண்டருக்கு முன்பு கம்பெனிகளோடு நியாயமான முறையில் பேசுவது தவறல்ல, அவசியம் என்று அது விளக்கியது.

அது சரியான வார்த்தை. ஒருவரோடு மட்டும் கதவை மூடிக்கொண்டு பேசினால்தான் தவறு. எல்லோரிடமும் ஒரே கேள்வியை, எல்லோருக்கும் தெரியும்படி கேட்பதில் என்ன தவறு?

ஆனால் விசாரணையிலும் ஒரு பொறி இருக்கிறது. பதில் சொல்லுகிற கம்பெனி, தனக்குச் சாதகமாகவே பதில் சொல்லும். "இந்த வேலைக்கு 10 வருஷ அனுபவமும் 500 ஆட்களும் உள்ள கம்பெனிதான் வேண்டும்" என்று ஒரு பெரிய கம்பெனி எழுதும். அதிகாரி அதையே டெண்டரில் எழுதிவிட்டால், மற்றவர்கள் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்!

டெண்டர் நிபந்தனையை எழுதிக் கொடுத்த கம்பெனியே அந்த வேலைக்குப் போட்டியிடுவதை அமெரிக்க விதிகள் பொதுவாகத் தடுக்கின்றன. நல்ல விதிதான். ஆனால் விதி மட்டும் போதாது. வந்த பதில்களை எடைபோடுவதற்கு, சர்க்கார் பக்கத்தில் வேலை தெரிந்த ஆள் ஒருவராவது இருக்க வேண்டும். கலவையில் சிமெண்ட் எவ்வளவு என்று தெரியாதவர், மேஸ்திரி சொல்வதற்கெல்லாம் தலையாட்டத்தானே வேண்டும்?

கேட்க வேண்டிய கேள்வி

கூலி எவ்வளவு என்பது முக்கியமான கேள்விதான். ஆனால் அதைவிட முக்கியமான கேள்விகள் இருக்கின்றன.

வேலைக்கு உண்மையில் யார் வருவார்கள்? பேச வந்த கெட்டிக்காரரா, அவர் பெயரைச் சொல்லி அனுப்பப்படும் புதிய ஆளா? முன்பு செய்த வேலை இப்போதும் ஓடுகிறதா? எழுதும் சாப்ட்வேர் சர்க்காருக்குச் சொந்தமா, கம்பெனிக்குச் சொந்தமா? பிடிக்காவிட்டால் நடுவில் நிறுத்த முடியுமா?

குறைந்த கூலிக்கு வந்தவர் 3 மணியில் செய்வதை, கூடுதல் கூலி கேட்பவர் 1 மணியில் முடித்துவிடலாம். ஆகவே கூலியை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார்.

பழைய வேலையை விசாரிக்காததால் வந்த வினையையும் அமெரிக்கா பார்த்திருக்கிறது. மருத்துவ இன்சூரன்ஸ் வாங்குவதற்காக 2013 அக்டோபர் 1ந் தேதி "ஹெல்த்கேர் டாட் கவ்" என்ற இணையதளத்தைத் திறந்தார்கள். லட்சக்கணக்கான ஜனங்கள் காத்திருந்தார்கள். முதல் நாளில் பதிவு செய்து முடித்தவர்கள் ஆறே பேர்!

அது மணிக் கூலி ஒப்பந்தம் அல்ல. ஆன செலவைக் கொடுத்து, மேலே ஒரு கட்டணமும் கொடுக்கும் ஒப்பந்தம். ஆனாலும் இரண்டுக்கும் குணம் ஒன்றுதான். செலவு கூடினால் சர்க்கார் தலையில் விழும். அந்தத் தளத்தின் முக்கிய ஒப்பந்தத்துக்கு 2011 செப்டம்பரில் ஒதுக்கிய தொகை 5 கோடியே 60 லட்சம் டாலர். 2014 பிப்ரவரிக்குள் அது 20 கோடியே 90 லட்சம் டாலரைத் தாண்டியது.

முக்கியமான இரண்டு ஒப்பந்தங்களைக் கொடுக்கும்போது, அந்தக் கம்பெனிகள் முன்பு செய்த வேலைகளை அதிகாரிகள் முழுமையாக ஆராயவில்லை என்று மத்திய தணிக்கையாளர்கள் 2015ல் அறிக்கை கொடுத்தார்கள்.

நஷ்டம் பணத்தோடு போகவில்லை. நோயாளியை வீட்டில் வைத்துக்கொண்டு, இன்சூரன்ஸ் கிடைக்குமா என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த குடும்பங்கள் பட்ட கவலைக்கு எந்தத் தணிக்கையிலும் கணக்கில்லை.

மணிக் கூலியை ஒழித்துவிடலாமா?

வேண்டாம். சாப்ட்வேர் வேலை சுவர் கட்டுவதைப் போன்றது அல்ல. பாதி வழியில்தான் மீதி வழி தெரியும். மொத்தத் தொகை பேசினால், தெரியாததற்கெல்லாம் கம்பெனி முன்கூட்டியே விலை ஏற்றிவிடும். அல்லது "இது ஒப்பந்தத்தில் இல்லை" என்று கையை விரித்துவிடும்.

அமெரிக்க சர்க்காருக்குள்ளேயே 2014 முதல் 2025 வரை "18எப்" என்ற கம்ப்யூட்டர் நிபுணர் குழு இயங்கியது. சிறிய குழுவை மணிக் கூலிக்கு அமர்த்தி, செய்த வேலையை அடிக்கடி வாங்கிப் பார்ப்பதே நல்லது என்று அந்தக் குழுவே யோசனை சொன்னது. அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. பார்த்துச் சரி தவறு சொல்லத் தெரிந்தவர் சர்க்கார் பக்கம் இருக்க வேண்டும்.

ஆகவே மணிக் கூலியில் தவறில்லை. விசாரிக்காமல் கூலி பேசுவதுதான் தவறு.

"விசாரித்துக்கொண்டிருந்தால் தாமதம் ஆகுமே" என்று சிலர் சொல்வார்கள். விசாரிப்பதற்கு ஆகும் சில வாரங்கள் எங்கே? சிட்டி டைம் இழுத்த பத்து வருஷத்துக்கு மேற்பட்ட காலம் எங்கே?

எந்தத் தேசத்துச் சர்க்காரானாலும் செய்ய வேண்டியது நான்குதான். கேள்விகளைச் சுருக்கமாகக் கேட்கட்டும். இல்லாவிட்டால் சிறு கம்பெனிகள் பதில் எழுதாது. எல்லோருக்கும் தெரியக் கேட்கட்டும். வந்த பதில்களில் தொழில் ரகசியத்தை நீக்கிவிட்டு, தெரிந்துகொண்டதை ஜனங்களுக்குச் சொல்லட்டும். கம்பெனி சொல்வதைச் சரிபார்க்கும் அறிவுள்ள ஆளைச் சொந்தமாக வைத்துக்கொள்ளட்டும்.

ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பார்கள். சர்க்கார் விடுவது தன் காலை மட்டுமல்ல. வரி கொடுக்கும் ஒவ்வொரு குடும்பத்தின் காலையும்தான்!