பழைய ஜீப்பும் பதிவுப் புத்தகமும்



பேசாலையில் கருவாடு விற்கும் அக்கா ஒருவர், போரில் கணவரை இழந்தவர். சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசில் பழைய சொட்டி நோமட் ஜீப் ஒன்றை வாங்க விரும்பி, என்னையும் துணைக்கு அழைத்தார்.

சிறிய ஜீப், விலையும் குறைவு. காரணம் உண்டு. டைஹாட்சு டெரியோஸ் அமைப்பில் சீனாவில் செய்யப்பட்ட வண்டி இது. அதைச் செய்த கம்பெனி 2021இல் வங்குரோத்து மறுசீரமைப்புக்குப் போனது. எஞ்சின் மிட்சுபிசி வகை என்பதால் அதற்குப் பாகங்கள் தேடலாம். கதவோ விளக்கோ உடைந்தால், கழற்றிய பழைய வண்டிகளில்தான் தேட வேண்டும்.

மெக்கானிக்கைக் கூட்டிச் சென்று வண்டியின் அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொன்னோம். எங்கள் தீவின் உப்புக்காற்று முதலில் அரிப்பது அதைத்தான். அது பரவாயில்லை என்றார்.

பிறகு பதிவுப் புத்தகத்தைக் கேட்டோம். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பெனியின் பெயர் இருந்தது. கடன் முடியவில்லை. "பெயர் மாற்றத் தேவையில்லை, படிவத்தில் கையெழுத்து வைத்துத் தருகிறேன்" என்றார் விற்பவர். அவர் தவணை கட்டாமல் விட்டால் கம்பெனி வண்டியை எடுத்துவிடும். அக்காவின் காசும் போய்விடும்.

"கடனை முடித்து, என் பெயருக்கே மாற்றித் தாருங்கள் தம்பி. அதற்குப் பிறகுதான் காசு" என்றார் அக்கா. முற்பணம் கொடுக்காமல் திரும்பினோம்.

இடம்பெயர்ந்தபோது காணி உறுதியைத் தொலைத்துவிட்டு அலைந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஒரு கடதாசியின் பெறுமதி நமக்குத் தெரியாததா? வண்டி பழையதாக இருக்கலாம் சகோதரிகளே, பதிவு உங்கள் பெயரில் இருக்க வேண்டும்.