“நான் நல்லா இருக்கிறன் அம்மா”



பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் கிடைத்துவிட்டது என்றால் எங்கள் ஊர்களில் அது ஒரு வீட்டோடு நிற்கும் செய்தி அல்ல. ஒழுங்கை முழுவதும் பேசும். கணவனை இழந்த தாய்க்கும், காணாமற்போன கணவனை இன்னும் தேடிக்கொண்டிருக்கும் தாய்க்கும் அது பல வருடங்களுக்குப் பிறகு வந்த முதல் நல்ல செய்தியாகவும் இருக்கலாம். அந்தப் பிள்ளை பெட்டி கட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கோ வந்தாறுமூலைக்கோ பேராதனைக்கோ பெலிஹுல்ஓயாவுக்கோ போன பிறகு அதன் மனம் என்ன பாடு படுகிறது என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. இந்த மாதம் அதைப் பேசலாம்.

பள்ளிக்கூடத்தில் முதலாம் பிள்ளையாக இருந்தவர்கள்தான் அங்கே கூடுகிறார்கள். தமிழில் படித்துச் சித்தியடைந்த பிள்ளை விஞ்ஞான, பொறியியல், மருத்துவ பீடங்களில் அடுத்த நாளே ஆங்கிலத்தில் குறிப்பெடுக்க வேண்டும். பகிடிவதை வேறு. அதைத் தடைசெய்யும் 20ஆம் இலக்கச் சட்டம் 1998இலேயே வந்துவிட்டது. ஆனாலும் பயந்து வாய் திறக்காத பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். இவை எல்லா மாணவருக்கும் பொது.

எங்கள் பிள்ளைகளுக்கு மேலும் சில உண்டு. “அப்பா என்ன செய்யிறார்?” என்று விடுதி அறையில் ஒரு தோழி சாதாரணமாகக் கேட்பாள். அதற்கு என்ன பதில் சொல்வது? இல்லை என்பதா, காணவில்லை என்பதா? மே மாதத்தில் தென்பகுதி ஊர்களில் வெசாக் கூடுகள் ஒளிரும். அதே மாதம் 18ஆம் திகதி வீட்டில் அம்மா விளக்கேற்றி அழுவா என்பது பிள்ளைக்குத் தெரியும், அறையில் உள்ள மற்றவர்களுக்குத் தெரியாது. 2009இல் மூன்று நான்கு வயதாக இருந்தவர்கள் இப்போது பட்டப்படிப்பில் இருக்கிறார்கள். சின்னப் பிள்ளைக்கு ஒன்றும் நினைவிராது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். போரின் காயம் தனி ஆளில் மட்டுமல்ல, குடும்பத்திலும் சமூகத்திலும் தங்குகிறது என்று யாழ்ப்பாணத்தில் இருந்து நீண்டகாலம் எழுதியவர் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். பிள்ளைக்கு நினைவில்லாதது தாயின் முகத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அது வளர்ந்தது.

நான் சந்தித்த ஒரு தாயையும் மகளையும் பற்றி, அவர்கள் சம்மதத்தோடு, அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். மகள் இரண்டாம் வருடம். ஒவ்வொரு இரவும் அம்மா தொலைபேசி எடுப்பா. “சாப்பிட்டியே? படிச்சியே?” “ஓம் அம்மா. நான் நல்லா இருக்கிறன், நீங்கள் யோசிக்காதேங்கோ.” விடுமுறையில் வந்தபோது சட்டை தொளதொளவென்று கிடந்தது, தலைமயிர் கொட்டியிருந்தது. ஆறு வாரமாக விரிவுரைக்குப் போகாமல் அறையில் படுத்திருந்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “அம்மா எனக்காகத்தான் உயிரோட இருக்கிறா. எனக்கு ஏலாது எண்டு சொன்னால் அவ தாங்கமாட்டா” என்றாள்.

“உனக்காகத்தான் நான் உயிரோட இருக்கிறன்.” நம்மில் எத்தனை பேர் இதைச் சொல்லியிருப்போம்! பொய்யில்லை, அன்பில்லாத பேச்சுமில்லை. ஆனால் கேட்கும் பிள்ளையின் தோளில் ஒரு உயிரின் பாரம் ஏறிவிடுகிறது. ஒரு பரீட்சையில் தவறினால் அம்மாவையே கொன்றுவிட்டதாக அது நினைக்கிறது. ஆகவே பிள்ளைக்கு அழைப்பெடுக்கும்போது உங்கள் நாளைப் பற்றியும் சொல்லுங்கள். மாதர் சங்கத்துக்குப் போனது, கோழி அடை வைத்தது, பக்கத்து வீட்டு அக்காவோடு கதைத்துச் சிரித்தது. இன்று மனம் சரியில்லாமல் கொஞ்சம் அழுதேன், பிறகு எழும்பிச் சமைத்தேன் என்பதையும் சொல்லலாம். அம்மா என்னைப் பிடித்துக்கொண்டு மட்டும் நிற்கவில்லை என்று தெரிந்தால்தான் பிள்ளை தன் கஷ்டத்தைச் சொல்லும்.

“படிச்சியா” என்ற கேள்விக்கு “ஓம்” தவிர வேறு பதில் வராது. “இரவு நித்திரை வருதா? ஆரோட சாப்பிடப் போறனி? இந்தக் கிழமை எது கஷ்டமா இருந்தது?” என்று கேட்டுப் பாருங்கள். முன்பு கலகலவென்று பேசியவர் ஒற்றைச் சொல்லில் முடிப்பது, அழைப்பை எடுக்காமல் விடுவது, விடுமுறைக்கு வீட்டுக்கு வராமல் சாட்டுச் சொல்வது, வந்தால் பகலிலும் படுத்தே கிடப்பது, இவை இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் சோம்பல் என்று ஏசாதீர்கள். மனச்சோர்வு நோயாக இருக்கலாம். “செத்தால் நல்லது” என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தால், சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகாது. பிள்ளை ஓமென்றால் தனியே விடாமல், கூட இருக்கும் ஒருவரை உடனே துணைக்கு வைத்து, அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வழி செய்யுங்கள். பொலிசுக்குப் பயந்து மறைப்பவர்களும் உண்டு. இலங்கையில் தற்கொலை முயற்சி 1998 முதல் குற்றமல்ல.

உதவி எங்கே? பல்கலைக்கழகங்களில் மாணவ ஆலோசகர்களாக விரிவுரையாளர்களை நியமித்திருப்பார்கள். வைத்திய நிலையமும் உண்டு. பிள்ளை போகத் தயங்கினால், நம்பிக்கையான ஒரு தோழியோடு சேர்ந்து போகச் சொல்லுங்கள். போதனா வைத்தியசாலைகளிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலும் உளநலப் பிரிவில் இலவசமாகவே பார்ப்பார்கள். கோவிலில் நூல் கட்டுவதை நான் தடுக்கமாட்டேன், கட்டுங்கள். ஆனால் வைத்தியர் தந்த மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. “விசர் எண்டு பெயர் வந்தால் ஆர் கட்டுவினம்?” என்று கேட்கும் உறவினர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. பிள்ளை உயிரோடு இருந்தால்தானே அந்தப் பேச்சு.

தாய்மார் அதிகம் பயப்படுவது படிப்பு பாழாகிவிடும் என்றுதான். பெரும்பாலான பீடங்களில் 80 வீத வரவு வேண்டும் என்பது உண்மையே. சுகயீனம் என்றால் மருத்துவச் சான்றிதழை உரிய காலத்துக்குள் கொடுக்க வேண்டும். அதை ஏற்றுக்கொண்டால், தவறவிட்ட பரீட்சையை அடுத்த முறை எழுதும்போது பொதுவாக முதல் தடவையாகவே கணக்கெடுப்பார்கள். சொல்லாமல் கொள்ளாமல் அறையில் கிடந்தால்தான் அந்த வழி அடைபட்டுப் போகும். நான் சொன்ன மகள் அப்படிச் சான்றிதழ் கொடுத்து, ஒரு அரையாண்டு வீட்டிலிருந்து சிகிச்சை எடுத்துவிட்டு, தனக்கு அடுத்த தொகுதி மாணவர்களோடு திரும்பிப் போனாள். இன்னும் மருந்து எடுக்கிறாள், படிக்கிறாள். அம்மா இப்போது கிழமையில் மூன்று நாள்தான் அழைக்கிறா. மற்ற நாட்களில் மகள் எடுக்கிறாள்.

தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை உங்கள் பிள்ளையின் கைத்தொலைபேசியில் பதியச் சொல்லுங்கள். உங்களுடையதிலும் பதிந்து வையுங்கள். தமிழில் பேசலாம். பிள்ளை போன பிறகு வெறுமையாகிப்போன வீட்டில் உங்களுக்கு நித்திரை வரவில்லை என்றாலும், அந்த இலக்கத்துக்கு நீங்களும் எடுக்கலாம்.